மீசை வைத்த மண் சிப்பாயும் உன் போர்வையும்

லீ மலை அடிவாரம்,
கோதுமை கதிர் விடும் நேரம்

அன்பு மகன் மான்சாங்குக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை லிங் எழுதுவது. இங்கே அப்பா, நான், லிங் மூவரும் சுகம், அந்த எல்லைப் பனியில் நீயும் உன் படைக் கூட்டாளிகளும் சுகமாக இருக்க வேண்டும். புத்தாண்டுக்கு முன்னால் வந்த கடிதத்தோடு சரி, அப்புறம் ஒரு வரி இல்லை. சிப்பாய் பேனா பிடிக்கக் கூடாதென்று சட்டமா என்ன.

மழை இந்த முறையும் ஏமாற்றிவிட்டது, பயிர் வாடுகிறதே என்று மாதுளைத் தோப்பு ஓரம் ஊரே சேர்ந்து கிணறு தோண்டியது. தண்ணீருக்குப் பதிலாக உன் அப்பாவின் மண்வெட்டியில் தோளோடு ஒரு மண் தலை தட்டுப்பட்டது, அதற்குக் கீழேயும் வறண்ட மண்தான். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, மண்ணுக்குள் கிடக்கும் பொம்மை ஊற்றைக் குடித்துவிடுமாம், கிணற்றுத் தண்ணீரை இவன்தான் குடித்துவிட்டான் என்று மரத்தில் கட்டிச் சாட்டையால் அடிக்கக் கிளம்பினார்கள், எதிர்வீட்டு குய்யிங் முதல் ஆள். நானும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துப் பார்த்தால், கோபம் வந்தால் நீ பிதுக்குவாயே, அதே கீழுதடு. "அடிக்கறதா இருந்தா எம் முதுகுல அடி"ன்னு குறுக்கே நின்றுவிட்டேன். உன் அப்பா, "புத்தி பெசகிப்போச்சாடி, இவனுக்குக் கொண்டையும் மீசையும் இருக்கு" என்றார், "மீசய மறைச்சிட்டுப் பாரு" என்றேன், பார்த்தார், அவரே வீட்டுக்குத் தூக்கி வந்தார். அந்த முகத்தில் விழும் அடி உன் மேல் விழுமோ என்று பயந்தேன், சிரிக்காதே.

செங்கல் கட்டிலில் உன் இடத்தில் படுக்கவைத்து உன் பஞ்சுப் போர்வையைப் போர்த்திவிட்டேன். குய்யிங் தினமும் வாசலில் வந்து, "தண்ணியக் குடிச்சவனுக்கு மெத்த, எங்க புள்ளைங்களுக்கு வறண்ட தொண்டயா" என்று கேட்டாள். நகரத்திலிருந்து பழம்பொருள் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார், பழைய பேரரசர் சமாதிக்குக் காவலாகப் புதைத்த சிப்பாய் இது, இங்கே இனித் தோண்டக் கூடாது, வண்டியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரார் சீமைப் பனிச்சை மரத்தடியில் கிணற்றுக்கு வேறு குழி போட்டார்கள். அதுவும் வறண்டால் ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்றிருந்தது எனக்கு. அவன் நம் வீட்டில் போர்வைக்குள் கிடக்கும்போதே அங்கே தண்ணீர் வந்துவிட்டது, கலங்கல்தான், ஆனால் நிற்காமல் ஊறுகிறது. குய்யிங் ஆவியில் வெந்த ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒம் மவன் நல்லவன்தான்"னு முணுமுணுத்துக்கொண்டு போனாள், எந்த மகனைச் சொன்னாளோ.

நேற்று வண்டி வந்தது. இந்த முகம் யாராவது நிஜச் சிப்பாயைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம் என்றார் அதிகாரி. அப்படியானால் அவனுக்கும் வீட்டில் ஒருத்தி காத்திருந்திருப்பாள், அவளுக்கு யார் எழுதினார்களோ. வண்டியில் வைக்கோல்தான் விரித்திருந்தார்கள், மனசு கேட்கவில்லை, உன் போர்வையோடே அனுப்பிவிட்டேன்.

கால்களை ஈரமாக வைத்துக்கொள்ளாதே, மிளகாய்ப் பொடி தீர்ந்தால் சொல், நீண்ட ஆயுளோடு இரு. இது கிடைத்ததும் இரண்டு வரியாவது எழுது. அறுப்பு முடிந்ததும் புதுப் போர்வை தைக்கப்போகிறேன், உன் உயரத்துக்கு அளந்துதான். இதை வேறு எந்தச் சிப்பாய்க்கும் தர மாட்டேன், நீ வந்துதான் போர்த்திக்கொள்ள வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா சூசியாங்