யாகொவ் படிக்க ஒரு மின்நூல்

ரியேக்கா,
மார்ச், ஞாயிறு மதியம்

அன்புள்ள யாகொவ்,

நான் நலம். நீயும் உன் கப்பல் சமையலறையும் நலமாக இருக்க வேண்டும். வழக்கம்போலப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டே எழுதுகிறேன். இங்கே புரா காற்று பேயாக அடிக்கிறது. மாடிக்காரி யாத்ரான்காவின் துணியெல்லாம் நம் அத்திமரத்தில் தொங்குகிறது. "உன் புருஷன் வந்ததும் ஏறி எடுக்கச் சொல்லு" என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போகிறாள்.

என் நாவல் வெளிவந்துவிட்டது. அச்சுப் புத்தகத்தில் தகராறு இல்லை. மின்நூலுக்குத்தான் ஜாக்ரெபில் சண்டை போட்டேன். பதிப்பாளர் தாமிர் பக்கங்களைப் படம் பிடித்ததுபோல அப்படியே போட நினைத்தார். அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். நான் இபப் வேண்டும் என்றேன். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். எழுத்தின் அளவும் இடைவெளியும் படிப்பவர் சொன்னபடி கேட்கும். ஃபோனே வாய்விட்டு வாசித்தும் காட்டும்.

"பக்கத்தோட அழகே போயிடும் நெவெங்கா. யாருக்காக இந்தப் பிடிவாதம்?" என்றார்.

"எனக்கு ஒரு வாசகர் இருக்காரு. அவருக்கு எழுத்து தள்ளித் தள்ளி நிக்கணும்."

"ஒருத்தருக்காகவா?"

"அந்த ஒருத்தர் படிக்க முடியலேன்னா அச்சடிச்சதையும் நீங்களே வச்சுக்குங்க."

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து மேசையில் மின்நூல் தயாரிக்கும் துன்யா சிரித்துவிட்டாள். "நான் செஞ்சு தரேன் தாமிர். எங்க அண்ணனுக்கும் படிக்கறப்போ எழுத்தெல்லாம் குதிக்கும்" என்றாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

நாம் முதன்முதலில் சாப்பிடப் போனபோது, பட்டியலைத் திறக்காமலே "உனக்கு என்னவோ அதுவே எனக்கும்" என்றாய். நான் கணவாய் மீன் கேட்டேன். உனக்குக் கணவாய் ஆகாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது! பின்னொரு நாள் காய்ச்சலில் "எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது நெவா" என்று முனகினாய். மறுநாள் கேட்டால் கண்ணாடி சரியில்லை என்றாய். நானும் கண்ணாடிக்கடைக்காரரைத் திட்டினேன். இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன், பாவம் அவர்.

நூல் வந்ததும் என் பழைய ஃபோனில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிகள் அழகாக மடங்கி உள்ளேயே நின்றன. பிறகு வாசிக்கவிட்டேன். கதையில் வரும் மீன்காரி கெட்டவார்த்தையில் பொரிந்து தள்ளுகிற இடத்தை அந்தக் குரல் பாதிரியார் மாதிரி நிதானமாக வாசித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உனக்கும் அனுப்பியிருக்கிறேன். அவசரமே இல்லை. ஒரு பக்கம் படித்தாலும் சரி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே காதில் கேட்டாலும் சரி. எப்படி இருக்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.

கதையில் ஒரு கப்பல் சமையல்காரன் வருகிறான். எட்டாம் அத்தியாயத்தில் அவன் மனைவி அவனிடம் கண்ணாடிக்கடைக்காரரைப் பற்றி ஒன்று சொல்கிறாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடம் வரைக்குமாவது படித்து வந்துவிடு, யாகொவ்.

கடல் உன்னிடம் அன்பாக இருக்கட்டும்.

உன்
நெவெங்கா