வலது கதவு ஸ்பீக்கர்

முருகன் துணை

பூனாகலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயந்தினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று காலையில்தான் விளக்கு வைத்துக் கும்பிட்டேன். இங்கே அம்மா சுகம், முழங்கால் வலியோடு சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் போனில் பேசுகிற பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அம்மா ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியாயியின் மகள் லீவு முடிந்து புதன்கிழமை ஜோர்தானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே இரண்டு கிழமையாக விடாத மழை. அம்மா நனைந்துகொண்டே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நனைந்துகொண்டே தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்புகிறாள், காலில் அட்டை கடித்த இடமெல்லாம் சொறிந்து சொறிந்து புண். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நில் என்றால் கேட்பதில்லை, எனக்கும் சொல்லி அலுத்துவிட்டது. மேல் லயத்து வீட்டு இராக்கம்மா ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் வேனில் ஏற்றிவிட்டு வெடுக்கென்று திரும்பிக்கொள்கிறாள், நான் என்ன குற்றம் செய்தேனோ தெரியாது. நம் வேனும் என்னைப் போலத்தான், காலையில் கிளம்ப மனமில்லாமல் இருமிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினாறு பேரையும் ஒரு நாள்கூடப் பிந்தாமல் பண்டாரவளையில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன்.

வேனில் பாட்டு செட் பழுதாகிவிட்டது என்று உன்னிடம் இரண்டு மாதமாகப் புலம்பினேன் அல்லவா, என் பக்கத்துக் கதவில் இருக்கிற ஸ்பீக்கர் பாடவில்லை, இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது என்று. அதை நானே சரிபண்ணுகிறேன் என்று இறங்கினேன். முதல் ஞாயிறு வலது கதவின் மட்டையைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் ஊறி ஒரே துரு, கள்ளன் பிடிபட்டான் என்று எனக்குச் சந்தோஷம். வலது ஸ்பீக்கரை இடது கதவிலும் இடது ஸ்பீக்கரை வலது கதவிலும் மாற்றி மாட்டிப் பார்த்தேன். இடதுக்குப் போன பழுது ஸ்பீக்கர் கணீரென்று பாடுகிறது, வலதுக்கு வந்த நல்ல ஸ்பீக்கர் கம்பளிக்குள்ளிருந்து முனகுகிறது. அப்படியானால் வயரில்தான் கோளாறு என்று அடுத்த ஞாயிறு சீட்டுக்கு அடியில் படுத்து வயர் முழுவதையும் மாற்றி டேப் சுற்றினேன், கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பிறகு பண்டாரவளையில் ரேடியோ திருத்துகிற ஹுமைத்திடம் கொண்டுபோனேன். அவன் என் சீட்டில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ரெண்டு பக்கமும் நல்லாத்தானே பாடுது அண்ணே, நல்ல சாமானை ஏன் போட்டு நோண்டுறீங்க என்றான். வேலை தெரியாதவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் நீ போனில் புது செட் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வரும்போது அனுப்புகிறேன் என்றாய்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது, உனக்குச் சொல்லவில்லை. முனியாண்டி கோயில் வளைவு உனக்குத் தெரியும், ஒரு வாகனம்தான் போகலாம். மூடுபனியில் அங்கே எந்த டிரைவரும் செய்கிறதைத்தான் நானும் செய்வேன், பாட்டைக் குறைத்து, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு, மூன்று தரம் ஹோன் அடித்து, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, எதிரிலிருந்து பதில் ஹோன் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கேட்டேன், பதில் இல்லை, எடுத்தேன். வளைவில் திரும்பினால் முட்டுகிற மாதிரி பஸ். இரண்டு பேரும் பிரேக் போட்டு ஒரு முழத்தில் நின்றோம். பிள்ளைகள் எல்லாரும் அலறிவிட்டார்கள். நான் இறங்கி பஸ் டிரைவர் ஸரூக்கை, ஹோன் அடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா பஸ் என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டேன். அவன், எம் புள்ளைங்க மேல சத்தியமா ரெண்டு தரம் அடிச்சேன் அண்ணே என்றான். பொய்ச்சத்தியம் வேறு பண்ணுகிறாயா என்று அதற்கும் ஏசினேன்.

நேற்று மத்தியானம் செட்டையே கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு, கடைசி ஸ்குரூவை இறுக்கப் போகும்போது அது நழுவி சீட்டுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. சீட்டிலேயே முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பித் துழாவினேன். திடீரென்று வலது கதவு ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. என் பொறுமைக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்த அதே நிமிடம் இடது கதவில் சத்தம் போய்விட்டது. முன்னால் திரும்பினேன், இடது பாடியது, வலது செத்தது. பின்னால் திரும்பினேன், வலது பாடியது. நாலைந்து தரம் இப்படித் திரும்பியிருப்பேன். வாசலில் நின்ற அம்மா, கோயிலைச் சுத்துற மாதிரி சீட்டுல என்னங்க சுத்துறீங்க என்று சிரித்தாள். நான் விரலால் என் இடது காதை அடைத்துப் பார்த்தேன். பாட்டு நின்றுவிட்டது மகள். ஸ்பீக்கர் இரண்டும் நல்ல ஸ்பீக்கர்தான். போனது என் வலது காது. அந்த வளைவில் கண்ணாடியை இறக்கி நான் வெளியே நீட்டுகிறது இந்தக் காதைத்தான். ஸரூக் ஹோன் அடித்திருக்கிறான். பதினாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான்தான் செவிட்டுக் காதால் கேட்டுவிட்டு வேனை எடுத்திருக்கிறேன்.

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரு மனம் சொல்கிறது, யாருக்கும் தெரியாது, இடது காதைத் திருப்பிக் கேட்டு ஓட்டிக்கொள்ளலாம், வேன் நின்றால் வீடு என்னாவது, அம்மா இந்த முழங்காலோடு இன்னும் எத்தனை வருசம் மலை ஏறுவாள் என்று. இன்னொரு மனம் அந்தப் பிள்ளைகளின் அலறலையே கேட்டுக்கொண்டிருக்கிறது, அது மட்டும் இரண்டு காதிலும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஜெயந்தினி, உன்னிடம் சொல்ல வெட்கமில்லை. நாளைக் காலை ஆறரைக்குப் பிள்ளைகள் ரோட்டில் நிற்பார்கள். நீ புது செட்டை அனுப்பாதே. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் தைக்கிறாய், காதுக்குப் பஞ்சாவது வைத்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. முனியாண்டி உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். போனில் நான் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் கோபம் என்று நினைத்துவிடாதே, மறுபடியும் கேள்.

இப்படிக்கு
உன் அப்பா
சிவஞானம்

திங்கட்கிழமை. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு, நாளை மறுநாள் பதுளை ஆஸ்பத்திரியில் காட்ட அவளும் வருகிறாளாம், எத்தனை கெஞ்சியும் நிற்காதவள் இதற்காக வேலைக்குப் போகாமல் நிற்கிறாளாம். இன்று காலை வேனை எடுக்காமல் ரோட்டுக்கு நடந்து போய்ப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரிடமும் உள்ளதைச் சொன்னேன், வளைவில் நடந்ததையும் மறைக்கவில்லை. பிள்ளைகளை ஸரூக்கின் பஸ்ஸில்தான் ஏற்றிவிட்டோம். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், கையைப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் கலைந்த பிறகு இராக்கம்மா மட்டும் நின்றாள். அடப் பாவி அண்ணே, ரோட்டுல எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன், மக வெளிநாடு போனதும் ஒங்களுக்குத் தலைக்கனம் வந்திருச்சுன்னுல்ல நெனைச்சேன் என்றாள். அவள் நின்றது என் வலப்பக்கம், எனக்குப் பாதிதான் விளங்கியது, என்ன என்று கேட்டேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் ஏசினாள்.