பித்தளைக் குடம் மெதுவாகத்தான் எழும்பும்

தலையில் மாட்டும் அந்தக் கண்ணாடியின் பட்டையில் இன்னும் உன் தலையெண்ணெய் வாசனை இருக்கிறது. புதுப் பட்டை போட்டுவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். இன்று காலை அதைவிடப் பெரிய ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நீ கம்ப்யூட்டர்காரி. நான் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுப்பவள். நம் இருவரையும் ஒரே வேலையில் சேர்த்துவைத்தது சித்திரை வீதிப் புறப்பாடுதான். பெருமாளைத் தோளில் சுமந்து வந்தவர்கள் திருப்பத்தில் நடையைத் தளர்த்தினார்கள். பல்லக்கு மெல்ல அசைந்தது. கூட்டத்தில் சும்மா நின்ற நீ தோளைப் பிடித்துக்கொண்டாய்.

"தூக்கறது அவா, கனக்கறது எனக்கு. கண்ணு சொல்றதைத்தான் உடம்பு நம்பறதுடி."

அதையே, மாட்டினால் கம்ப்யூட்டர் காட்டுவது மட்டுமே தெரியும் இந்தக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தாய். நோயாளி கையில் இருப்பது காலி பிளாஸ்டிக் டம்ளர். கண்ணாடி வழியே பார்த்தால் அது தளும்பும் பித்தளைக் குடம். கையைவிடக் குடம் சற்று மெதுவாக எழும்பினால் கனக்கும், சற்று முந்தினால் லேசாகிவிடும். முதல் தடவை நான் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே எதையோ ஒட்டியிருக்கிறாய் என்று டம்ளரைக் கவிழ்த்துத் தட்டினேன். உன் சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு உன் தலைக்குள் கட்டி வந்தது. வலது கை தளர்ந்து, நீயே என் நோயாளியாக வந்து உட்கார்ந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உனக்குத் தெரியாமல் குடத்தை லேசாக வைத்தேன். உன்னையே உன் வித்தையால் ஏமாற்றப் பார்த்தேன், என்ன புத்தி பார். ஒரு தடவை தூக்கியதுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டாய்.

"எங்காத்துல இருக்கற டம்ளர் என்னைப் பார்த்துப் பாவப்படுமா? கனமா வை."

கோபத்தில் அழுதுகொண்டேதான் வைத்தேன். அன்று உன்னால் முடியவில்லை. அடுத்த வாரமும் முடியவில்லை. முடிந்த அன்று, கேன்டீனில் காபியை வலது கையால் எடுத்துக் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். நோய் அதற்கெல்லாம் மசியவில்லை, உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் படுக்கையில் விழும்வரை யாரும் உனக்குக் காபி புகட்டவில்லை.

இன்றைய கதைக்கு வருகிறேன். புது மேனேஜர், எல்லாருக்கும் லேசான குடத்தையே காட்டச் சொல்கிறார். நோயாளிகள் சந்தோஷமாகப் போகிறார்களாம். தொட்டியத்திலிருந்து வரும் வாழை விவசாயி ஒருவருக்கு அப்படித்தான் காட்டினார்கள். அவரும் சந்தோஷமாகத்தான் போனார். வீட்டில் தண்ணீர் வாளியைத் தூக்கி, காலில் போட்டுக்கொண்டார். "இங்க தூக்குறாருங்க, வீட்டுல முடியலைங்க" என்று அவர் மனைவி என்னிடம் வந்து நின்றார்.

அதனால் காலைக் கூட்டத்தில் மேனேஜர் தலையிலேயே கண்ணாடியை மாட்டினேன். முதலில் லேசான குடம், அடுத்தது கனமானது. டம்ளரில் என்ன போட்டீர்கள் என்று அவரும் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் போடலைங்க. லேசுல ஆரம்பிக்கலாம், கனத்துலதான் முடிக்கணும். அதை எடுத்துட்டா இங்க நானும் இல்லைங்க."

யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவர் யோசிக்கட்டும், எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

உன் காரியம் முடிந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும், மனசை லேசாக்கிக்கொள் என்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதில் உன் பெயரில் இருக்கும் பயிற்சிக் கணக்கைத் திறந்தேன். நீ கடைசியாகத் தூக்கிய குடம் அதே கனத்தில் அப்படியே இருந்தது. தூக்கினேன். தோள்வரை கனத்தது. குறைத்துக்கொள்ள ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். தொடவில்லை. தொடவும் மாட்டேன், போடி.