ஆர்விக்கின் 212-ஆம் கடிகாரம்

இர்விங்,
அக்டோபர் 6, 2025

வான்மதிக்கு,

விவாகரத்து முடியும்வரை போன் வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்கிறார் வக்கீல். ஆகவே கடிதம்.

என் பாக்கெட் கடிகாரத்தை அனுப்பு. அந்தக் காலத்து லண்டன் கடிகாரக்காரர் ஜான் ஆர்விக் செய்த 212-ஆம் எண். தொலைந்தது என்று எல்லாரும் நினைத்ததை ஏலத்தில் கண்டெடுத்தவன் நான். நவம்பர் 15 சனிக்கிழமை, இங்கே பக்கத்தில் டாலஸில் கடிகாரம் சேகரிப்பவர்கள் கூட்டத்தில் அதன் முகப்பை முதல்முறையாகக் கழற்றிக் காட்டப்போகிறேன். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, பஞ்சு சுற்றி வை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு மூடியைத் திறந்து சக்கரத்தின்மேலேயே சந்தனப் பொட்டு வைத்தாயே, அந்தப் புத்தியை இப்போதும் காட்டாதே.

ஆர்விக் இதைப் பதினாலு மாதம் அடுப்புச் சூட்டிலும் பனிக்கட்டியிலும் வைத்துச் சோதித்தார். பிரசவ வலியில் மனைவி கூப்பிட்டும் பட்டறையை விட்டு எழவில்லையாம். அவர் மனுஷன்.

திருமூர்த்தி

பார்சிப்பனி,
அக்டோபர் 14, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? வெளியில் சாப்பிட்டால் காரத்தைக் குறையுங்கள், உங்கள் வயிறு தாங்காது. கடிகாரத்தை நேற்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 14 அன்று நம் வெண்பாவுக்கு வலது காதில் ஆபரேஷன். அந்தக் கடிகாரத்தைக் காதில் வைத்து, "மம்மி, இட் ஸ்டாப்டு" என்றாளே, அது ஓடிக்கொண்டுதானே இருந்தது! அப்பா வருவாரா என்று தினமும் கேட்கிறாள். ஒரே ஒரு நாள் வாருங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம்.

சந்தனத்தைச் சுத்தம் பண்ணிய ரிப்பேர்க்காரர் ஜம்புநாதன் அங்கிள் கடிகாரத்தைப் பற்றி ஒன்று சொன்னார். எழுத மனசு வரவில்லை. வந்தால் நேரில் சொல்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆர்விக்கின் மனைவிக்குப் பெயர் என்ன, எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

உங்கள்
வான்மதி

இர்விங்,
அக்டோபர் 23, 2025

வான்மதிக்கு,

கடிகாரம் வந்தது. 14-ஆம் தேதி வர முடியாது, மறுநாள் கூட்டம். காதுதானே, இன்னொன்று இருக்கிறது. அப்பா பிஸி என்று சொல்லிவிடு.

ரிப்பேர்க்காரர் சொன்னதை நீயே வைத்துக்கொள். குழந்தையைக் காட்டி என்னை இழுக்கப் பார்க்காதே.

திருமூர்த்தி

பார்சிப்பனி,
நவம்பர் 13, 2025

திருமூர்த்தி அவர்களுக்கு,

இங்கிருந்து அங்கே கடிதம் வர நாலு நாள் ஆகும். அதற்காகவே இன்று வரை காத்திருந்து போடுகிறேன். இது திங்கட்கிழமை உங்கள் கைக்குக் கிடைக்கும்போது கூட்டம் முடிந்திருக்கும்.

நான் வைத்த சந்தனம் முகப்புக்கு அடிவரை இறங்கியிருந்தது. அதனால் அங்கிள் முகப்பைக் கழற்றினார். அடியில் ஏதோ தொழிற்சாலையின் முத்திரை. ஆர்விக் பெயரையும் 212-ஐயும் பிற்பாடு யாரோ போலியாகப் பொறித்திருக்கிறார்கள். "பாவம், உன் புருஷன்கிட்ட பக்குவமா சொல்லும்மா" என்றார். ஒரு வருஷம் பக்குவம் பார்த்தேன். போன மாதம் சொல்லவும் வந்தேன்.

இதற்குள் அத்தனை பேர் முன்னால் நீங்களே திறந்து காட்டியிருப்பீர்கள். சிரித்தார்களா? இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நாளைக் காலை ஏழு மணிக்கு வெண்பாவை உள்ளே கொண்டுபோவார்கள். அவளுக்குக் காது கேட்டதா இல்லையா என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

வான்மதி