ஜைரோவை அணைத்த ஞாயிறு

மார்ச் 3, ஞாயிறு

காற்று இருந்தும் ரிமோட் விமானத்தைப் பறக்கவிட்டேன். புது ஜைரோ வந்தபிறகு காற்றைக் கண்டு பயப்படுவது குறைந்துவிட்டது. தீப்பெட்டியில் பாதி அளவுகூட இல்லாத சின்னச் சில்லு. விமானத்தின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதிர்ப்பக்கம் இழுத்துவிடுகிறது. ரிமோட்டில் அதற்கு மூன்று நிலைச் சுவிட்ச். மேலே தள்ளினால் ஜைரோ இல்லை, எல்லாம் நம் விரல்தான். நடுவில் வைத்தால் காற்றின் உதறலை மட்டும் அடக்கும். கீழே தள்ளிவிட்டால், ஓட்டும் குச்சியிலிருந்து கையை எடுத்தாலே போதும், எப்படிக் கவிழ்ந்திருந்தாலும் தானே நிமிர்ந்து சமமாகப் போகும்.

நான் கீழேயே வைத்திருக்கிறேன். மைத்துனனுக்கு அதில் கேலி. "மாமா, நீங்க அத ஓட்டுறீங்களா, அது உங்கள ஓட்டுதா?" வயரிங் வேலை செய்பவன். ஊர் வீடுகளுக்கெல்லாம் மின்சாரம் கொடுப்பான், சொந்த விமானத்துக்கு ஒரு சில்லு போடமாட்டான்.

ஒன்று மட்டும். இடப்பக்கம் திருப்பும்போது விமானத்தைக் காணோம். மேகம் இல்லை, வெயிலும் கண்ணில் விழவில்லை. கையை எடுத்தேன். கொஞ்சம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல நடுவானில் போய்க்கொண்டிருந்தது. மைத்துனன் கவனிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சந்தை வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது நடத்துநர் விசில் மேல் விசில். "அண்ணே, லெஃப்ட்ல சைக்கிள்! சைக்கிள்!" பிரேக்கை மிதித்தேன். பஸ்ஸில் நின்றவர்கள் எல்லாம் என்மேல் சரிந்ததுபோல இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொன்னேன்.

பார்த்தேனா?

மார்ச் 10, ஞாயிறு

மறுபடியும். அதே பக்கம்.

ஜைரோமேல்தான் சந்தேகம். எது சமம் என்று அதற்கு நாம்தான் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டும்போது மேசை கோணலாக இருந்தால், அந்தக் கோணலையே சமம் என்று பதித்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே போகும். அப்படி நழுவுவதைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன் போல.

சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அட்டை கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, விமானத்தை ஏற்றிப் புதிதாகப் பதித்தேன். மனைவி தட்டும் கையுமாக நின்றாள். "அது மேசைல, நாம தரைலயா? நல்லா இருக்கு நியாயம்."

இறக்கையின் இடது நுனியில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறேன். இனி தெரியும்.

மார்ச் 12, செவ்வாய்

ரசமட்டத்தில் குமிழி நடுவில்தான் இருந்தது. அட்டை வைப்பதற்கு முன்பே. மேசை கோணலே இல்லை என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை அதை எழுதவில்லை.

மார்ச் 14, வியாழன்

குளியலறைக் கண்ணாடியில் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடப்பக்கம் சோப்புத் தட்டு இல்லை. அந்த இடம் இருட்டாகவும் இல்லை. சுவர் ஒழுங்காகத் தெரிகிறது, தட்டு மட்டும் இல்லை. தலையைத் திருப்பினால் இருக்கிறது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், இல்லை. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. அப்படியென்றால் கண்ணில் கோளாறு இல்லைதானே? ஒரே நேரத்தில் இரண்டு கண்ணுமா கெட்டுப்போகும்?

"உள்ள தவம் பண்றீங்களா? எனக்குக் கடை தொறக்கணும்" என்று மனைவி கதவைத் தட்டினாள். மருந்துக்கடையில் அவள்தான் காலையில் ஷட்டர் திறப்பவள்.

ஓட்டுநர்களுக்கு ஆண்டுக் கண் பரிசோதனை மே மாதம். எழுத்துப் பலகையை நேரே பார்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கடைசி வரிவரை தெரியும். பாஸாகிவிடுவேன்.

பாஸாகிவிடுவேன் என்பதுதான் பிரச்சினை.

மார்ச் 17, ஞாயிறு

மனைவியும் மைதானத்துக்கு வந்தாள். வழக்கமாக வருவதில்லை. என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி நடந்து வரும்போது சொன்னாள்: "நீங்க ஓட்டல. அது காணாமப் போனதும் கைய எடுத்துட்டு, தானா வர்ற வரைக்கும் நிக்கறீங்க."

"அதுக்குத்தானே ஜைரோ போட்டிருக்கு."

"பஸ்ல என்ன போட்டிருக்கு?"

நடத்துநர் இருமல் மருந்து வாங்க அவள் கடைக்குப் போயிருக்கிறார். சைக்கிள் கதையைச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஊர் வாயெல்லாம் என் கண்ணப் பத்தித்தான் பேசணுமா? இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன், ஒரு கீறல் உண்டா? — இதை அவளிடம் கத்தினேன்.

மார்ச் 20, புதன்

மெதுவாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை முழுதாகத் திருப்பி இடப்பக்கம் பார்க்கிறேன். நடத்துநர்: "என்னண்ணே, பஸ்ஸத் தள்ளிக்கிட்டா போறோம்?" பள்ளிக்கூட நேரம். படிக்கட்டுவரை பிள்ளைகள்.

மார்ச் 24, ஞாயிறு

காற்றே இல்லை. எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். ஜைரோவை அணைத்து ஒரு சுற்று. சரியாக வந்து இறங்கினால் சோப்புத் தட்டை மறந்துவிடுவது. தவறினால் டிப்போவில் சொல்லிவிடுவது. யாரிடமும் சொல்லாமல் சுவிட்சை மேலே தள்ளினேன்.

நன்றாகத்தான் ஏறியது. விரல்கள் எதையும் மறக்கவில்லை. இத்தனை வாரமாக இதற்கா பயந்தோம் என்று சிரிப்புகூட வந்தது. பிறகு இடப்பக்கத் திருப்பம். காணோம். தலையைத் திருப்பித் தேடினேன், கிடைத்துவிட்டது — உயரத்தில், இறக்கை விரித்துக் கறுப்பாக. வலப்பக்கம் திருப்பினேன். திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். என் பேச்சைக் கேட்காமல் அது பாட்டுக்கு இடப்பக்கம் வட்டம் போட்டது. ரிமோட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்த நேரத்தில் முதுகுப் பக்கம் மோட்டார் அலறியது. மைத்துனன் "தூக்குங்க மாமா, தூக்குங்க!" என்றான். எதைத் தூக்குவது? சுவிட்சைக் கீழே தள்ளவேண்டும் என்ற யோசனைகூட வரவில்லை.

இருசக்கர வண்டிகள் நிற்கும் இடத்தில் விமானம் மூக்கு தரையில் குத்த விழுந்தது. யாரும் இல்லை. கொஞ்சம் முன்புவரை அங்கே ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது.

"எங்க பாத்துட்டு இருந்தீங்க?" என்றான் மைத்துனன்.

கை நீட்டிக் காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அது பருந்து மாமா."

சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். உடைந்த துண்டுகளை இரண்டு பேரும் பொறுக்கினோம்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சோப்புத் தட்டு உட்பட. "நாளைக்குப் போகாதீங்க" என்றாள். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வேலை போனால் என்ன செய்வது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

டிப்போ மேலாளர் நல்ல மனிதர். அதனால்தான் கஷ்டமாகிவிட்டது. "உடம்பு சரியில்லன்னு ரெண்டு வாரம் லீவ் போடு. கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு வா. கண்ணு தெரியலைன்னு என் காதுல போட்டேன்னா, நான் அத மேல சொல்லியாகணும். அப்புறம் நீ வண்டிய மறந்துட வேண்டியதுதான்."

"கண்ணு தெரியல சார்."

"என் காதுல விழல. மறுபடி யோசிச்சுச் சொல்லு."

"இடப்பக்கம் தெரியல சார்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். சாவியைக் கேட்டார். கொடுத்தேன்.

வெளியே என் வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. வேறொருவர் ஏறி இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். எனக்குக் கால் நீளம்.

மார்ச் 28, வியாழன்

கண் மருத்துவர், சின்ன வயசுப் பெண். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். புள்ளி வருவதற்கு முன் எந்திரத்தில் ஒரு சின்னச் சத்தம். சில நேரம் சத்தம் வந்தது, புள்ளி வரவில்லை. சத்தத்துக்கே அழுத்திவிடலாமா என்று விரல் துடித்தது. அழுத்தவில்லை.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பின்னால மூளையில, பார்வைக்கான இடத்துல ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம். சமீபத்துல கடுமையான தலைவலி வந்துச்சா?"

நான் இல்லை என்றேன். மனைவி குறுக்கிட்டாள். "ஜனவரியில ரெண்டு நாள் படுத்தே கிடந்தாரு டாக்டர். மூணாம் நாள் வண்டி எடுத்துட்டாரு."

ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சொன்னதுதான். போனது திரும்ப வராது. இன்னொரு அடைப்பு வராமலிருக்க மாத்திரை. வண்டி ஓட்டக்கூடாது, எந்த வண்டியும்.

ஜனவரியிலிருந்து எத்தனை நடை ஓட்டியிருப்பேன்? கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19, ஞாயிறு

டிப்போவிலேயே டயர் பிரிவில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, கை கறுப்பு. நடத்துநர் மதியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். புது ஓட்டுநர் பாட்டுப் போடவிடுவதில்லையாம்.

மைத்துனன் விமானத்தை ஒட்டிக் கொண்டுவந்தான். இரண்டு ரிமோட்டை ஒயரால் இணைத்திருக்கிறான். ஒன்று என் கையில், இன்னொன்று அவன் கையில். நான் தொலைத்தால் அவன் எடுத்துக்கொள்வான். ஜைரோ சுவிட்ச் கீழே. "கேலி பண்ண மாட்டேன் மாமா" என்றான். பண்ணுடா என்றேன். இரண்டு முறை தொலைத்தேன். அவன் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

மைதானத்திலிருந்து வரும்போது கவனித்தேன். மனைவி இப்போதெல்லாம் என் இடப்பக்கமாகவே நடக்கிறாள். முன்பு எந்தப் பக்கம் நடந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.