நீலப் பட்டுக் கவுன்

1974 ஜூலை, செவ்வாய். நோபல் பார்க்.

நகரத்தின் தூராக் பகுதியில் பணக்காரப் பெண்களைப் படமாகக் கீறும் பிரெஞ்சுக்கார ஓவியரிடம் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெண்கள் முகத்தைக் கீறும்வரைதான் இருப்பார்கள். பிறகு நான் அவர்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்பேன். அவர் துணியைப் பார்த்துக் கீறுவார்.

இப்போது ஒரு வழக்கறிஞரின் மனைவியுடைய நீலப் பட்டுக் கவுன். முகத்தைக் கீறி முடித்த கிழமையே அவ கார் விபத்தில் இறந்துபோனா. படத்தை முடித்துத் தரச் சொல்லிக் கணவர் கேட்டிருந்தார்.

இன்று மத்தியானம் அந்தக் கணவர் சொல்லாமல் வந்தார். நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"மார்கரெட்" என்று கூப்பிட்டார்.

அது அவருடைய மனைவியின் பெயர். ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். "இவ என்னுடைய மொடல், ஐயா."

"தெரியும். தயவுசெய்து திரும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்."

கதிரையை இழுத்து என் பின்னால் இருந்தார். கனநேரம் மெல்ல அழுதார். நான் அசையவில்லை. போகும்போது, நாளைக்கும் வரலாமா என்று ஓவியரிடம் கேட்டார்.

அவர் போன பிறகு, "கவுன் இன்னும் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இன்றைக்கே முடிந்துவிட்டது," என்றார் ஓவியர். "ஆனால் நாளைக்கு வாரும்."

ஓம் என்றுவிட்டேன். வீட்டில் என் கணவருக்கு இதை எப்படிச் சொல்வது? இரக்கத்தில்தான் ஓம் என்றேன் என்று நினைக்கிறேன். ஆனால் நாளைக்கு அந்த மனிதர் என்னைத் தன் பக்கம் திரும்பச் சொன்னால் நான் என்ன செய்வேன்?