இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர்

பிப்ரவரி 4

லைன்மேன் ஐயா அவர்களுக்கு,

'ஐயா' என்று எழுதியதைப் பார்த்துப் பூரித்துப்போக வேண்டாம். அரசாங்க ஆளுக்கு மனு எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன். போனில் பேசினால் நமக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது. எதுவானாலும் எழுதித் தொலையுங்கள் என்று உங்கள் அக்கா பஞ்சாயத்து பண்ணிவிட்டார். உங்களோடு கம்பம் ஏறுகிற மீசை அண்ணன் என் தங்கை வீட்டுக்கு எதிரில் குடியிருக்கிற பாவத்துக்கு, இந்தக் கடிதங்களைச் சுமக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். சோலார் பயிற்சியை முடித்துவிட்டேன். அதற்குப் போகக் கூடாது என்று என் பையைத் தூக்கி வாசலில் எறிந்தீர்களே, அந்தப் பையை எடுத்துக்கொண்டுதான் தங்கை வீட்டுக்கு வந்தேன். என்னோடு படித்த மூன்று பெண்களும் நானும் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினோம். இந்தத் தெரு மன்றத்து மொட்டைமாடியில் பேனல் மாட்டிவிட்டோம். கீழே பகலில் தையல் கூடம், சாயங்காலம் பிள்ளைகள் படிக்கிற இடம். கரண்ட் பில்லுக்குப் பயந்து கூடத்தை மூடுகிற நிலைமையில் இருந்தார்கள்.

தெரு லைனோடு அதை இணைத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள். மனு கொடுத்து எத்தனை நாளாயிற்று? போகும்போதெல்லாம் ஆள் இல்லை, ஏணி இல்லை, மழை வரும்போல இருக்கிறது. என் மேல் கோபம் என்றால் என்னிடம் காட்டுங்கள். தையல் மிஷின் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

இப்படிக்கு,
மனுதாரர்

———

பிப்ரவரி 9

பேனல் மகாராணிக்கு,

ஆறு மாதம் ஃபேன் காற்றில் உட்கார்ந்து படம் பார்த்துப் படித்தவள் கேள்வி கேட்கிறாள், ஆயுசு முழுக்கக் கம்பம் ஏறினவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் என் நேரம்.

என்ஜினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளைக்கு வந்து இணைத்துவிடுவேன். உனக்காக இல்லை, அவருக்காக. நீ இல்லாத நேரமாகப் பார்த்து மாடிக்கு வந்து உன் வேலையைப் பார்த்தேன். பேனல் நேராகத்தான் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் மீசை என்னைத் திட்டுவான். மற்றபடி வயரையெல்லாம் குழாய்க்குள் ஒளித்து, கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டி, பொம்மைக் கடை மாதிரி வைத்திருக்கிறாய். அபாயம், தொடாதே, இதை முதலில் அணை, அதை அப்புறம் அணை. வேலை தெரிந்தவனுக்கு ஸ்டிக்கர் எதற்கு?

நீ இல்லாமல் வீடு நன்றாகவே நடக்கிறது. குக்கர் மூடியை மட்டும் எங்கே வைத்தாய் என்று எழுது.

லைன்மேன்

———

மார்ச் 18

லைன்மேன் ஐயா அவர்களுக்கு,

குக்கர் மூடி கண் எதிரில்தான் இருக்கும். கண்ணைத் திறந்து தேட வேண்டும்.

இணைப்புக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன், அதற்குத்தான் சம்பளம். ஆனால் ஒரு மாதமாக இந்தத் தெருவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தையல் கூடத்தில் பில்லுக்குப் பயந்து விட்டு விட்டு ஓடிய மிஷின்கள் நாள் முழுக்க ஓடின. பேனலை எப்படித் துடைப்பது, மீட்டரை எப்படிப் படிப்பது என்று தைக்கிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் இரண்டு பேர் அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கூரைக்காரர்களும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் நேற்று மதியம் நாசமாயிற்று. கரண்ட் போனது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே அத்தனை மிஷினும் நின்றுவிட்டது. மன்றத் தலைவர் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார்: "வெயில் இருக்கு, பேனல் இருக்கு. கரண்ட்ட எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்க?" எல்லோரும் சிரித்தார்கள். கம்பத்தில் கரண்ட் நின்றால், பேனல் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கிற என் பெட்டியும் தானாக நின்றுவிடும் என்று மாட்டும்போதே சொல்லியிருந்தேன். அப்போது எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஒருவர் காதிலும் ஏறவில்லை. மறுபடி சொன்னேன். பெட்டி நிற்காவிட்டால் பேனல் கரண்ட் வெளியே தெருக் கம்பிக்குப் போகும், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைப் பிடிக்கிறவர் செத்துப்போவார் என்றேன். பேட்டரியும், தெரு லைனைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்சும் வைத்தால் இந்தக் கஷ்டம் இருக்காது, இரண்டு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். ஏமாற்றுக்காரி என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

நீங்கள் டீக்கடையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். கம்பியைப் பிடிக்கிறவர் நீங்கள். யாருக்காகத் திட்டு வாங்கினேன் என்று இந்தத் தெருவிலேயே புரிந்த ஒரே ஆளும் நீங்கள்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சோலார்க்காரி

———

ஏப்ரல் 2

பேனல் மகாராணிக்கு,

நேற்று கரண்ட் போனபோது உன் மன்றத்தில் மிஷின் ஓடியதே, பார்த்தாயா? நீ வேறு தெருவில் கூரை அளந்துகொண்டு இருந்தாயாம். பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

பழைய பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுபோய் மன்றத்தில் வைத்தேன். ஒரு வயர், இரண்டு பக்கமும் பிளக். ஒரு பிளக் இன்வெர்ட்டரில், இன்னொன்று சுவரில் இருக்கிற பாயின்ட்டில். உன் அதிபுத்திசாலிப் பெட்டி, கம்பத்திலிருந்துதான் கரண்ட் வந்துவிட்டது என்று ஏமாந்து ஓட ஆரம்பித்துவிட்டது. மெயின் சுவிட்சை முதலில் அணைத்துவிட்டுத்தான் இதைச் சொருக வேண்டும் என்று தலைவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பெரிய மேதை மாதிரி பதில் எழுதாதே.

பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். "படிச்சவங்களுக்கு வராதது லைன்மேனுக்குக் கைவந்த கலை" என்று தலைவர் என் முதுகில் தட்டினார். இனி இந்தத் தெருவில் உங்கள் நாலு பேருக்கும் ஒரு கோழிக் கூண்டின் கூரைகூடக் கிடைக்காது.

லைன்மேன்

———

ஏப்ரல் 3

உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா?

மெயினை அணைக்க அந்த மனிதர் ஒருநாள் மறந்தால் என்ன ஆகும்? மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர் அவர். அவருடைய ஞாபகத்தை நம்பி ஒரு உயிரை ஒப்படைத்திருக்கிறீர்கள். அந்த வயரின் ஒரு முனையைச் சொருகியதும் மறுமுனைப் பிளக்கின் வெற்றுக் கம்பிகள் கையிலேயே கரண்டோடு நிற்கும். எங்கள் வகுப்பில் முதல் வாரமே அதைக் காட்டி, இதைச் செய்கிறவன் கொலைகாரன் என்றார்கள். உங்களுக்கு அது தெரியாமல் இல்லை. என்னை மட்டம் தட்ட வேண்டும் என்ற வெறியில் தெரிந்தே செய்திருக்கிறீர்கள்.

பிடுங்கி எறியப் போனேன். தலைவர் அந்த அறையைப் பூட்டிவிட்டு, உன் வேலை முடிந்தது, போகலாம் என்றார். உங்கள் ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். போட்டதை நீங்களே வந்து எடுங்கள். எதற்கும் உங்களிடம் கெஞ்சியதில்லை, இதற்குக் கெஞ்சுகிறேன்.

சோலார்க்காரி

———

ஏப்ரல் 7

எடுக்க முடியாது.

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்" என்று நீ சொல்லு. அன்றைக்கு எடுக்கிறேன். உன் புகார் சுற்றி வந்து என் மேஜைக்குத்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

லைன்மேன்

———

ஏப்ரல் 21

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. கொண்டுவருகிறவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

நீங்கள் கேட்டதைச் செய்தேன். டீக்கடை வாசலில், கண்ணாடி டம்ளரோடு நின்றவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மானத்தை விட்டுச் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். நீங்கள் டீயைக் கடைசிச் சொட்டுவரை ரசித்துக் குடித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்றீர்கள்.

அந்த நாளைக்குத்தான் தெருக்கோடிக் கம்பத்தில் மீசை அண்ணன் ஏறினார். லைனை அணைத்தது நீங்கள். அணைத்துவிட்டேன், ஏறு என்று சொன்னதும் நீங்கள். மன்றத்துக்குள் தலைவர், கரண்ட் போய்விட்டது என்று பிளக்கைச் சொருகினார், மெயினை மறந்துவிட்டார். நான் எதிர்க் கூரையில் இருந்தேன். அண்ணன் உடம்பு ஒரு உதறு உதறியது, அப்புறம் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது.

ஓடிப்போய் அந்த அறைக் கதவை உடைத்து வயரைப் பிடுங்கியது நான். ஏணி வைத்து ஏறிக் கயிறு போட்டு இறக்கியது நாங்கள் நாலு பேர். பயிற்சியில் மண் மூட்டையை வைத்து இறக்கிப் பழகினோம், அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பாகச் சிரித்தோம். தரையில் போட்டு அவர் நெஞ்சை மாற்றி மாற்றி அழுத்தினோம், மூச்சு வந்தது. நீங்கள் கம்பத்தடியில் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள், ஒரு அடி நகரவில்லை. அதற்காக உங்களைத் திட்ட வரவில்லை.

இப்போது பேச்சு என்ன தெரியுமா? சோலார்க்காரிகள் மாட்டிய பேனல்தான் அடித்தது என்று தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் லைசென்ஸை நிறுத்திவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி மன்றத்திலேயே விசாரணை. எங்கள் நாலு பேருடைய பிழைப்பும் அதில் இருக்கிறது. இனி எந்தப் பெண் இந்தத் தொழிலுக்கு வருவாள் என்பதும் அதில்தான் இருக்கிறது.

வயர் என்னிடம் இருக்கிறது. சிவப்பு டேப் சுற்றி, அதன்மேல் நூல் கட்டுகிற ஆள் உங்கள் ஆபீசில் ஒருவர்தான். நீங்களாகவே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

சோலார்க்காரி

———

ஏப்ரல் 25

என் கண்ணே,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாகிறது! சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது? அன்றைக்கு நீ ஏணியில் ஏறியதைப் பார்த்தேன். கை நடுங்காமல் முடிச்சுப் போட்டாய். என் பெண்டாட்டி என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன்.

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மீசை தொங்குகிறான். நான் கெட்டவன் இல்லை என்று உனக்குத் தெரியும். வாய்தான் எனக்கு எதிரி.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்த வயரை நீதான் வைத்தாய் என்று சொல்லிவிடு. புதிதாகத் தொழிலுக்கு வந்தவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று உன்னைக் கண்டித்து விட்டுவிடுவார்கள். லைசென்ஸ் போனால் போகட்டும், இன்னொரு பயிற்சிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு வேலை போனால் இந்த வயசில் என்ன செய்வேன்? தெருவில் என் முகத்தில் காறித் துப்புவார்கள். வீட்டுக்கு வந்துவிடு. முன் அறையைக் காலி செய்து தருகிறேன், உன் சாமான்களை அங்கே வைத்துக்கொள். நீ கூரை ஏறு, நான் ஏணியைப் பிடிக்கிறேன். இனிமேல் உன்னை ஒரு வார்த்தை சொன்னால் கேள்.

நீ சொல்லாவிட்டால், அந்த வயரை நீ மாட்டியதைப் பார்த்தேன் என்று நான் சொல்ல வேண்டிவரும். ஒரு லைன்மேன் சொன்னால் அங்கே எடுபடும். அந்த நிலைமைக்கு என்னைத் தள்ளிவிடாதே, செல்லம்.

என்றும் உன்னவன்

———

ஏப்ரல் 30

உங்களுக்கு,

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. ஏணியைப் பிடிக்கிறேன் என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். பிறகு கடைசிப் பத்தியைப் படித்தேன்.

விசாரணையில் நீங்கள் மூன்றாவது நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததையும் எழுதுகிறேன், நான் என்ன செய்தேன் என்பது எழுத்தில் இருக்கட்டும். அதிகாரிகளை மாடிக்குக் கூட்டிப்போனேன். தெரு லைனை அணைக்கச் சொன்னேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பெட்டி தானாக நின்றது. மறுபடியும் செய்து காட்டச் சொன்னார்கள், மறுபடியும் நின்றது. அப்புறம் வயரை மேஜையில் வைத்தேன்.

மீசை அண்ணன் மனைவி பின்வரிசையில் இருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "யாரையும் தண்டிக்க வேணாம்மா. என்ன நடந்துச்சுன்னு மட்டும் யாராவது உண்மையச் சொல்லுங்க." அண்ணனுக்கு வலது கையில் கட்டை விரலும் பக்கத்து விரல்கள் இரண்டும் போய்விட்டன. பேசுகிறார். நீங்கள் ஏன் இன்னும் பார்க்க வரவில்லை என்று என்னிடம் கேட்டார்.

பெரிய அதிகாரி வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் செஞ்சதுன்னு எப்படிம்மா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றார். நீங்கள் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நான் அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"என் புருஷன் கட்டுற கட்டு சார்."

புருஷன் என்ற அந்த வார்த்தையை இனி நான் சொல்வதாக இல்லை. உங்கள் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். எனக்கு எழுத வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன்.

சோலார்க்காரி